அபிப்பிராயமும் நம்பிக்கையும்

மனிதன் தன் மனத்தில் கொண்டிருக்கும் எண்ணங்களையெல்லாம் ஒரே தராசில் ஏற்றி, எடை குறைந்தவற்றை அபிப்பிராயம் என்றும், அதனினும் கனத்தவற்றை நம்பிக்கை என்றும், எக்காலத்தும் அசையாதவற்றை அறிவு என்றும் தரம் பிரித்துவிடுவது படித்தவர்களிடையே நெடுநாளாக இருந்துவரும் பழக்கம். இந்தத் தரம்பிரிப்பின்படி அபிப்பிராயம் என்பது முதிராத நம்பிக்கை. நம்பிக்கை என்பது முதிர்ந்த அபிப்பிராயம். ஆனால் சற்றே நின்று நம்மைச் சுற்றியுள்ள ஜனங்களின் நடத்தையைக் கவனித்தால், மிக உக்கிரமான அபிப்பிராயம் உடையவர்கள் அதன்பொருட்டு ஒரு செப்புக் காசையும் இழக்கச் சம்மதியாதிருப்பதையும், வாய்விட்டுச் சொல்லவும் கூசுகிற அளவுக்குச் சாந்தமான நம்பிக்கை உடையவர்கள் அதன்பொருட்டு வீடு வாசலை இழக்கத் துணிவதையும் காண்கிறோம். வேற்றுமை எடையில் மாத்திரம் இருக்குமாயின் இப்படி நேர இடமில்லை. ஆகவே இவ்விரண்டும் இனத்திலேயே வேறானவை என்பதும், ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது சமூகத்தில் பெருந்தீங்கு விளைகிறது என்பதும் என் துணிபு. அதை விளக்குவதற்குக் கள்ளக்குறிச்சியையும் அதன் மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையையும்விடத் தகுந்த பிரதேசம் வேறு எனக்குத் தெரியவில்லை.

முதலில் சாதாரணமான ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இரண்டு உண்டு. கரும்பு போட்டிருக்கும் குடியானவர் ஒருவர் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, இவ்விரண்டில் எந்த ஆலையின் நிர்வாகம் மேலானது, வெட்டிய கரும்புக்குப் பாக்கி எப்போது வந்துசேரும், அரசாங்கம் விலையை உயர்த்துமா உயர்த்தாதா என்பதுபற்றியெல்லாம் மேசையைத் தட்டிப் பேசுவார். மறுநாள் அதே கடையில் அதற்கு நேர்மாறாகப் பேசினாலும் அவருக்கு நஷ்டம் ஒன்றும் நேர்வதில்லை. அதே மனிதர், கல்வராயன் மலையில் மழை பெய்து கோமுகி அணையில் தண்ணீர் ஏறிவருவதைப் பார்த்து, 46 அடி கொள்ளும் அணை இந்த வருஷம் நிரம்பிவிடும், வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிடுவார்கள் என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், மனைவியின் நகையை அடகு வைத்து நாற்றங்கால் விடுகிறார். மேசையைத் தட்டிப் பேசியது அபிப்பிராயம். நாற்றங்கால் விட்டது நம்பிக்கை. இரண்டுக்கும் ஆதாரம் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருந்திருக்கும். ஆலையைப்பற்றி அவருக்கு உள்ள ஞானம் மழையைப்பற்றி உள்ள ஞானத்தைவிட அதிகமாகவே இருந்திருக்கவும் கூடும். ஆயினும் ஒன்றில் அவர் தம்மை ஈடு வைத்திருக்கிறார், மற்றொன்றில் வைக்கவில்லை.

ஜெர்மானிய தத்துவ ஞானியாகிய இம்மானுவேல் காண்ட், 1781-ஆம் ஆண்டில் வெளியிட்ட தூய அறிவின் விமரிசனம் என்னும் பெருநூலின் கடைசிப் பகுதியில் இவ்விஷயத்தை ஆராய்கிறார். அபிப்பிராயம், நம்பிக்கை, அறிவு என்னும் மூன்று படிகளை வகுத்து, தனக்கும் போதாத, பிறர்க்கும் போதாத ஆதாரமுடையது அபிப்பிராயம் என்றும், தனக்குப் போதுமாயிருந்து பிறர்க்குப் போதாதது நம்பிக்கை என்றும், இருவர்க்கும் போதுமானது அறிவு என்றும் இலக்கணம் கூறுகிறார். அங்கேயே அவர் சொல்லும் இரண்டு உதாரணங்கள் மறக்கத் தகாதவை. ஒன்று, வைத்தியருடையது: நோயாளியின் உயிர் ஆபத்திலிருக்கிறது, நோய் இன்னதென்று வைத்தியருக்கு நிச்சயமில்லை, ஆயினும் ஏதேனும் செய்தே தீரவேண்டும், ஆகவே குறிகளைப் பார்த்து ஒரு நோயை ஊகித்து மருந்து கொடுக்கிறார். இது காரியத்தின் பொருட்டு மேற்கொள்ளும் நம்பிக்கை. மற்றொன்று, பந்தயம்: ஒருவன் ஒன்றை அடித்துச் சொல்லும்போது, அதற்குப் பணம் கட்டுகிறாயா என்று கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும், ஒரு பொற்காசு கட்டத் துணிகிறவன் பத்துப் பொற்காசு என்றவுடன் தயங்குவான்.

அந்த மகாமேதை ஒரு கேள்வியைக் கேட்டார். அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார். எவ்வளவு பந்தயம் கட்டுகிறாய் என்று கேட்டவர், யாருடைய பணத்தைக் கட்டுகிறாய் என்று கேட்கவில்லை. தன் கைப்பணத்தை வைத்து ஆடுகிறவனுக்குப் பத்துக் காசில் நடுக்கம் வரும் என்பது உண்மை. அயலான் பணத்தை வைத்து ஆடுகிறவனுக்கு ஆயிரத்திலும் நடுக்கம் வராது. நம்பிக்கையின் விலையை நம்புகிறவனே கொடுக்கிறான். அபிப்பிராயத்தின் விலையைப் பெரும்பாலும் வேறு யாரோ கொடுக்கிறார்கள். இந்த ஒரு பேதத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும் என்பதுதான் இக்கட்டுரையின் சாரம்.

அபிப்பிராயம் இழிவானதென்று நான் சொல்ல வரவில்லை. அபிப்பிராயம் இன்றி மனிதர் கூடி வாழ முடியாது. ஆனால் அதற்கென்று ஒரு ஒழுக்கம் உண்டு. அந்த ஒழுக்கம் எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு உத்தமமான சித்திரம் ஒன்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், கள்ளக்குறிச்சியிலிருந்து அதிகத் தூரமில்லாத திருவெண்ணெய்நல்லூரில் நடந்த ஒரு வழக்காக வருகிறது. புத்தூரில் நம்பியாரூரரின் திருமணப் பந்தலுக்குள் ஒரு கிழவேதியர் நுழைந்து, மணமகன் தமக்கு அடிமை என்றும், அவருடைய பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை தம்மிடம் இருக்கிறதென்றும் சொல்லுகிறார். ஆரூரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அந்தணர் சபைக்குப் போகிறது. சபையாரின் அபிப்பிராயம் ஆரம்பத்திலேயே தெளிவாக இருக்கிறது: அந்தணர் அடிமையாவது இவ்வுலகில் எங்குமே இல்லாத வழக்கம் என்று கிழவரிடம் நேராகவே சொல்லிவிடுகிறார்கள். ஆயினும் அத்துடன் அவர்கள் தீர்ப்பு எழுதிவிடவில்லை. அனுபோகம், ஆவணம், அயலார் சாட்சி என்னும் மூன்றில் ஏதேனும் ஒன்றைக் காட்டு என்று கேட்கிறார்கள். கிழிந்தது படியோலை, மூல ஓலை இதோ இருக்கிறது என்று அவர் நீட்ட, கணக்கன் அதை வாசிக்க, பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வருவித்து ஒப்புநோக்கி, இரண்டும் ஒத்திருப்பதைக் கண்டு, தங்கள் சொந்த அபிப்பிராயத்துக்கும், தங்கள் அனுதாபத்துக்கும், ஊர் வழக்கத்துக்கும் விரோதமாக, ஆரூரர் தோற்றார் என்று தீர்ப்புச் சொல்லுகிறார்கள்.

தோற்பதற்குத் தயாராக இருப்பதே அபிப்பிராயத்தின் தர்மம் என்பதை இதைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது. அந்தச் சபையார் தங்கள் அபிப்பிராயத்தை ஒளித்துவைக்கவில்லை, அதை வெளியே சொன்னார்கள், எது காட்டினால் அதை மாற்றிக்கொள்வோம் என்பதையும் கூடவே சொன்னார்கள், காட்டியவுடன் மாற்றிக்கொண்டார்கள். இன்னொரு விசேஷத்தையும் கவனிக்க வேண்டும். அந்த ஓலை வழக்கைத் தீர்த்ததேயன்றி ஆரூரருக்கு நம்பிக்கையைத் தந்துவிடவில்லை. வழக்கில் தோற்று, கிழவரின் பின்னே அவர் வீடு எங்கே என்று பார்க்கச் சென்று, திருவருட்டுறைக் கோயிலுக்குள் கிழவராக வந்த சிவபெருமான் புகுந்து மறைந்தபின்தான் ஆரூரருடைய உள்ளம் திரும்புகிறது. ஆவணத்தால் வருவது அபிப்பிராயத்தின் மாற்றம். வாழ்வைக் கொண்டுபோய் ஒப்படைக்கும் நம்பிக்கை வருகிற வழி வேறு. அதே திருவெண்ணெய்நல்லூரில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டாரின் சீடராகிய அருணந்தி சிவாசாரியார், தம் சிவஞான சித்தியாரில் தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்தோடு நின்றுவிடாமல், பரபக்கம் என ஒரு பகுதி வகுத்து, உலகாயதர் தொடங்கிப் பதினான்கு மாற்றுக் கொள்கையினரின் வாதங்களை எடுத்து வைத்து விடையிறுத்தார். பக்தியில் ஆழ்ந்த ஒரு சம்பிரதாயமே அபிப்பிராயத்தின் களத்தில் இறங்கும்போது எதிராளியின் கட்சியை முதலில் பேசவிட்டது என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது.

இனி நம்பிக்கையைப் பார்ப்போம். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கியிருக்கும் திருக்கோவலூரை ஆண்டவர் என்று சேக்கிழார் பாடும் மெய்ப்பொருள் நாயனாரின் சரிதம் தமிழர்க்குப் பழகியதுதான். ஆயினும் பழக்கத்தால் அதன் கூர்மை நமக்கு மழுங்கிப்போயிருக்கிறது. போரில் பலமுறை தோற்ற முத்தநாதன், திருநீறு பூசி, சடை முடித்து, புத்தகக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு அரண்மனைக்குள் நுழைகிறான். மன்னர் உறங்கும் நேரம், சமயமறிந்து போகவேண்டும் என்று காவலனாகிய தத்தன் தடுத்தும் கேட்கவில்லை. சிவாகமம் உபதேசிப்பதாகச் சொல்லி, அரசியை அப்பால் போகச் செய்து, தாழ்ந்து வணங்கிய மன்னரைக் குத்திவிடுகிறான். தத்தன் ஓடிவந்து வாளை ஓங்குகிறான். விழும் தறுவாயிலுள்ள மன்னர் அவனைத் தடுத்து, வந்தவர் நம்மைச் சேர்ந்தவர், அவருக்கு இடையூறு நேராமல் ஊர் எல்லைவரை கொண்டுபோய் விட்டு வா என்று கட்டளையிடுகிறார். சேதி கேட்டு நகரத்தார் திரண்டு வழியை மறிக்கிறார்கள். மன்னரின் ஆணையைத் தத்தன் சொன்னதும் விலகி வழிவிடுகிறார்கள். பகைவன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான் என்ற வார்த்தையைக் கேட்டபின்பே மன்னரின் உயிர் பிரிகிறது.

நாயனாரைப் பேதை என்று எண்ணுகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். வந்தவன் உண்மையான அடியான் என்பது அவருடைய அபிப்பிராயமாக மாத்திரம் இருந்திருந்தால், கத்தி உள்ளே இறங்கிய அந்தக் கணத்திலேயே அது பொய்த்திருக்கும். பொய்த்த அபிப்பிராயத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது மூடத்தனமே. ஆனால் அவர் கொண்டிருந்தது முத்தநாதனைப்பற்றிய அபிப்பிராயமன்று, திருவேடத்தைப்பற்றிய விரதம். அவ்வேடத்தைத் தரித்தவன் எத்தன்மையனாயினும் தாம் அதற்குத் தீங்கு நினைப்பதில்லை என்பது தம் நடத்தைக்குத் தாமே விதித்துக்கொண்ட நியமமேயன்றி, அடுத்தவனைப்பற்றிய அனுமானமன்று. ஆகவே கத்தி அதைப் பொய்ப்பிக்கவில்லை, பரீட்சைதான் செய்தது. அந்தப் பரீட்சைக்குரிய விலையைக் கொடுத்தவரும் அவரே. இதற்கு ஒரு ஆட்சேபம் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. மன்னனின் உயிர் அவனுக்கு மாத்திரம் சொந்தமானதன்று. அவன் மடிந்தால் குடிகள் நிர்க்கதியாவார்கள். ஆதலால் அவருடைய நம்பிக்கையின் விலையில் ஒரு பங்கைத் திருக்கோவலூர் ஜனங்களும் கொடுத்தார்கள் என்று ஒருவர் வாதித்தால், அதைத் தள்ளிவிட நம்மால் முடியாது. ஆட்சிப் பொறுப்பில் இருப்பவருக்குத் தனிமனிதருக்கு உள்ள அளவு நம்பிக்கைச் சுதந்திரம் இல்லை என்பதே இதிலிருந்து பெறப்படும் நீதி. அந்த நீதி பின்னால் நமக்குப் பயன்படும்.

புராண காலத்தை விட்டு நம் காலத்துக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் ஒரு தனியார் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்துவந்த மாணவி இறந்தாள். பெற்றோர் பட்ட துயரத்தையும், அவர்கள் எழுப்பிய கேள்விகளையும், அக்கேள்விகளுக்குப் பதில் பெற அவர்களுக்கு இருந்த உரிமையையும் யாரும் மறுக்க முடியாது; மரணத்தின் காரணத்தை நிர்ணயிப்பது விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய காரியம்; அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. நான் சொல்ல வந்தது ஜூலை 17-ஆம் தேதியைப்பற்றி. அன்றைக்குள்ளாகவே, கைப்பேசிகளின் வழியாகப் பரவிய படங்களாலும் செய்திகளாலும், அந்தப் பெண்ணையோ அந்தப் பள்ளியையோ முன்பின் அறியாத பல்லாயிரம் பேர் மனத்தில் இன்னது நடந்தது என்று தீர்மானமாகிவிட்டது. திரண்டுவந்த கூட்டம் பள்ளிக்குள் புகுந்து பேருந்துகளைக் கொளுத்தியது. போலீஸ் வாகனமும் எரிந்தது. மேசை நாற்காலிகள் தூக்கிச் செல்லப்பட்டன. அங்கே படித்த பிள்ளைகளின் சான்றிதழ்கள் சாம்பலாயின.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களைக் கேட்டால், நியாயத்தின்மேல் கொண்ட நம்பிக்கையாலேயே வந்தோம் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் மேலே கண்ட உரைகல்லில் உரைத்துப் பார்த்தால், அவர்களிடம் இருந்தது ஓர் அபிப்பிராயந்தான் என்பது புலப்படும். திருவெண்ணெய்நல்லூர்ச் சபை கேட்டதுபோல் ஆவணம் எங்கே, சாட்சி எங்கே என்று அது கேட்கவில்லை. அபிப்பிராயத்துக்குரிய ஒழுக்கத்தை அது மேற்கொள்ளவில்லை. நம்பிக்கையின் வேடத்தை மாத்திரம் தரித்துக்கொண்டது. விலையையோ பள்ளியில் படித்த ஏழை எளிய பிள்ளைகளும், பிற்பாடு சிறைக்குப் போன இளைஞர்களின் குடும்பங்களும் கொடுத்தார்கள். கைப்பேசியில் செய்தியைத் தள்ளிவிட்டவர்கள் கொடுக்கவில்லை. கொன்றவனைக் கண்ணெதிரே பிடித்துவைத்தும் வழிவிட்ட கூட்டம் ஒன்றும், இன்னும் ஒன்றுமே நிரூபணமாகாதிருக்கையில் தீவைத்த கூட்டம் ஒன்றும் இதே சீமையின் கதைகளில் இருக்கின்றன.

இரண்டு வருஷம் கழித்து அதே மாவட்டத்தில் நேர்ந்தது இதனினும் கொடியது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18, 19 தேதிகளில், கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்று வலியோடும், வாந்தியோடும், கண் பார்வை மங்கியும் ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். முதற் சாவுகள் நேர்ந்தவுடன் மாவட்ட நிர்வாகத்திடமிருந்து வந்த விளக்கம், கள்ளச்சாராயம் காரணமன்று என்னும் விதமாக இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. 19-ஆம் தேதியே மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். போலீஸ் சூப்பரின்டெண்டு தற்காலிகமாக வேலைநீக்கம் செய்யப்பட்டார். நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது; நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. இறந்தவர்கள் 60-க்கும் மேற்பட்டவர்கள். அதற்கு முந்திய வருஷந்தான், 2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டுப் பக்கத்திலும் இதே விஷத்தால் 22 பேர் இறந்திருந்தார்கள்.

மெத்தனாலின் சுபாவமே அபிப்பிராயத்தை ஏமாற்றுவதற்கென்று அமைந்ததுபோல் இருக்கிறது. வாசனையிலும் ருசியிலும் சாராயத்தின் சாதாரணப் போதைப்பொருளாகிய எத்தனாலிலிருந்து அதைப் பிரித்தறியக் குடிப்பவனால் ஆவதில்லை. குடித்தவுடன் அது கொல்வதுமில்லை. உடம்புக்குள் ஈரல் அதை மெல்ல மெல்ல மாற்றிப் பார்மிக் அமிலமாக்குகிறது. அதற்குப் பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள், சில வேளை அதற்கு மேலும் ஆகிறது. பிறகுதான் இரத்தம் அமிலமாகிக் கண் நரம்பு கெட்டு மூச்சு திணறுகிறது. நேற்றுக் குடித்தவன் இன்று காலையில் எழுந்து நடமாடுவதைக் கண்ணால் கண்டவன், சரக்கில் ஒன்றுமில்லை என்று அபிப்பிராயம் கொள்வதற்குப் பிரத்தியட்சமே சாட்சி சொல்லிவிடுகிறது. அந்த நிலையில் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர்கள், காண்ட் சொன்ன வைத்தியரின் இடத்தில் இருந்தார்கள். இரசாயனப் பரிசோதனையின் முடிவு வருவதற்கு முன்பே குறிகளை நம்பிச் சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருந்தது. நிர்வாகமும் அதே இருட்டில்தான் இருந்தது. ஆனால் நிச்சயமில்லாதபோது டாக்டர் எந்தப் பக்கம் தவறினால் உயிர் தப்பும் என்று பார்த்துக் காரியம் செய்கிறார். நிர்வாகமோ எந்தப் பக்கம் பேசினால் கலவரம் வராது என்று பார்த்து வார்த்தை சொல்லுகிறது.

கூலிவேலை முடித்து மாலையில் பாக்கெட் வாங்கியவன், அந்தச் சாராயத்தின் சேர்மானத்தைப்பற்றி அபிப்பிராயம் ஏதும் கொண்டிருக்கவில்லை. தினமும் கொடுக்கிற கையை அவன் நம்பினான். நீதிமன்றத்துக்கும் போலீஸ் நிலையத்துக்கும் அருகிலேயே வெளிப்படையாக விற்கிறதைப் பார்த்து, இதில் ஆபத்து இருந்தால் இப்படி விற்க விடுவார்களா என்று அரசாங்கத்தையும் ஒருவகையில் நம்பினான். ஒரு பதவியில் இருப்பவர் வாயிலிருந்து வரும் அபிப்பிராயம், கேட்பவன் காதில் நம்பிக்கையாகவே போய் விழுகிறது. ஏனெனில் அவனுக்குப் பரிசோதனைச் சாலை கிடையாது. பதவியில் இருப்பவருக்கு நம்பிக்கைச் சுதந்திரம் குறைவு என்று திருக்கோவலூர் மன்னரைக் கொண்டு நாம் பெற்ற நீதி இங்கே அபிப்பிராயத்துக்கும் பொருந்துகிறது. நிச்சயமாகத் தெரியாது, தெரியும்வரை யாரும் குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அது அபிப்பிராயமாகவும் இருந்திருக்காது, பொய்யாகவும் இருந்திருக்காது.

இச்சம்பவத்தின் நிழல் மலைமேலும் விழுந்தது. கள்ளச்சாராயம் என்றவுடன் கல்வராயன் மலை என்று சொல்லிவிடுவது சமவெளியில் ஊறிப்போன அபிப்பிராயம். மலையில் வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் இட்டு ஊறல் போடுகிறவர்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. ஓடைக்கரையில் ஊறலைப் போலீஸார் அழித்த செய்தி வருஷந்தோறும் வருகிறது. ஆனால் மெத்தனால் ஆலைகளில் செய்து லாரியில் வரும் இரசாயனம். ஊறற் பானையில் விளைகிற சரக்கன்று. கருணாபுரத்தைக் கொன்றது மலைக்காரனின் பானை அன்று என்பது விஷத்தின் பெயரிலிருந்தே தெளிவாயிருக்க, தேடுதல் வேட்டை மலைமேலும் ஏறியது. வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் தினையும் சாமையும் விதைத்து, கடுக்காயும் புளியும் தேனும் சேகரித்துப் பிழைப்பவர்களில் பெரும்பாலோர் ஊறற் பானையைத் தொடாதவர்கள் என்பதை ஆராய அந்த அபிப்பிராயத்துக்கு அவகாசம் இருக்கவில்லை.

அந்த மலைவாசிகளுக்கோ தங்களைப்பற்றி வேறொரு நம்பிக்கை இருக்கிறது. மலையாளிகள் எனப் பெயர்பெற்ற இவர்கள் கேரளத்தாருக்கு உறவல்லர், தமிழே பேசுகிறவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற சகோதரர் மூவர் பிரிந்து சென்று வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்றும் பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ஆம் ஆண்டில் அச்சிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகளிலேயே இவ்வரலாறு ஏறியிருக்கிறது. சரித்திர ஆராய்ச்சியாளர் இதை ஓர் அபிப்பிராயமாகப் பாவித்து, சாசனம் உண்டா, காலம் பொருந்துமா என்று கேட்பார். கேட்பதும் அவருக்கு முறையே. ஆனால் மலைமேல் அது அபிப்பிராயமாக வழங்கவில்லை. கரியராமனைக் கும்பிடுவதும், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலைக் குடிகளைப் பங்காளியாக எண்ணுவதும் அதன்மேல் நிற்கின்றன. அந்த நம்பிக்கையால் யாருக்கும் நஷ்டமில்லை.

அவர்களைப்பற்றிய மற்றவர்களின் அபிப்பிராயத்துக்கோ எப்போதும் அதிகாரத்தின் பலம் இருந்துவந்திருக்கிறது. சடையக்கவுண்டன், குறும்பக்கவுண்டன், ஆரியக்கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களின் ஆதிக்கத்தில் நெடுங்காலம் இருந்த இந்த மலை, தேசம் சுதந்திரமடைந்து ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, 1976-ஆம் ஆண்டில்தான் அரசாங்கத்தின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட பழங்குடிப் பட்டியல், மலையாளிகளைத் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மாத்திரம் பழங்குடியினர் என்று அங்கீகரித்தது. கல்வராயன் மலை அன்றைய தென்னார்க்காட்டிலும் சேலத்திலும் இருந்தபடியால் அதற்குள் அடங்கிற்று. ஈரோட்டுப் பக்கத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளோ அதே பேரும், அதே நம்பிக்கையும் உடையவர்களாயிருந்தும், பட்டியலில் அவர்களுடைய மாவட்டம் இல்லாமையால் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். எவரோ ஒருவர் காகிதத்தில் வகுத்த மாவட்ட வரிசையின் விலையை, பள்ளிக்கூடத்தில் சாதிச் சான்றிதழ் கேட்கப்படும் பிள்ளை கொடுக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைவாசிகளின் வாழ்க்கை நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு சாலை, மருத்துவம், கல்விபற்றி அரசாங்கத்தை விசாரித்தது. அடிவாரத்தில் 60 பேருக்கு மேல் செத்த பிறகுதான் மலைமேல் இருப்பவர்களைப்பற்றிய அபிப்பிராயத்தை விட்டு, அவர்களுடைய நிலைமையைப் பார்க்க வேண்டுமென்று தோன்றிற்று.

நம் அரசியல் சாசனம் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பவில்லை. பேச்சுக்கும் கருத்து வெளியீட்டுக்கும் உரிய சுதந்திரத்தை 19-ஆவது ஷரத்தில் வைத்தது. மனச்சாட்சிக்கும் சமய அனுஷ்டானத்துக்கும் உரிய சுதந்திரத்தை 25-ஆவது ஷரத்தில் வைத்தது. இரண்டுக்கும் எல்லை உண்டு, இரண்டும் உரிமைகளே. ஆகவே யாருடைய வாயையும் அடைக்க வேண்டுமென்றோ, யாருடைய வழிபாட்டையும் விசாரணைக் கூண்டில் ஏற்ற வேண்டுமென்றோ நான் கேட்கவில்லை. நம்பிக்கை உடையவர்களிடம் கேட்கத்தக்கது ஒன்றே: உங்கள் நம்பிக்கையின் விலையை நீங்களே கொடுங்கள், மற்றவர் பையிலிருந்து எடுக்காதீர்கள். அபிப்பிராயம் உடையவர்களிடம் கேட்கத்தக்கவை மூன்று: எதை வைத்துச் சொல்லுகிறீர்கள், எதைக் காட்டினால் மாற்றிக்கொள்வீர்கள், தவறாய்ப் போனால் யார் தலையில் விடியும். பதவியில் இருப்பவரும், பத்திரிகை எழுதுகிறவரும், கைப்பேசியில் ஒரு செய்தியைப் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறவரும் இந்த மூன்றுக்கும் பதில் தேடிக்கொண்டு பிறகு வாயைத் திறந்தால், சாவுகளில் சில தவிர்க்கப்படலாம்.

அதே சாசனத்தில், 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால், விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராய்ந்தறியும் குணத்தையும் வளர்த்துக்கொள்வது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 51-அ ஷரத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. உரிமைகளை மீறினால் நீதிமன்றத்துக்குப் போகலாம். இந்தக் கடமையை மீறுகிறவனுக்கோ சட்டத்தில் தண்டனை எதுவும் வகுக்கப்படவில்லை. அவன் தப்பித்துக்கொள்கிறான், தண்டனையை வேறு ஆட்கள் அனுபவிக்கிறார்கள்.